நண்டு றப்பரும் என் முன்பல்லும்

கல்யாணப் பேச்சுக்குப் படம் எடுப்பதற்காக மன்னார் பஸ் நிலையத்தடியில் இருந்த ஒரு ஸ்ரூடியோவுக்குப் போனேன். அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. கமராவுக்குப் பின்னால் நின்ற அண்ணை, “வாயை மூடுங்கோ தங்கச்சி” என்றார்.

“மூடித்தான் இருக்கிறன்” என்றேன்.

அவர் தலையை நிமிர்த்தி ஒருதரம் பார்த்துவிட்டுப் படத்தை எடுத்தார். என் மேல்வரிசை முன்பற்கள் இரண்டும் கீழுதட்டின் மேல் ஏறிக் குந்தியிருக்கும். உதடுகள் சந்திக்க வேண்டுமென்றால் தாடையை இறுக்க வேண்டும். இறுக்கினால் கோபக்காரியின் முகம் வந்துவிடும். நான் கோபக்காரிதான், ஆனால் அதை மாப்பிள்ளை வீட்டாருக்குப் படத்திலேயே காட்ட வேண்டுமா?

மூன்று நாள் கழித்துப் படம் கிடைத்தது. கொம்பியூட்டரில் பல்லை உள்ளே தள்ளி, உதட்டை மூடி, வேறொரு பிள்ளையை உண்டாக்கி வைத்திருந்தார். அம்மா அதைக் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “வடிவாத்தான் இருக்கு” என்று சொல்லி ஒரு பிரதியை அலுமாரிக்குள் வைத்தார். மற்றது கட்டுக்கரைப் பக்கம் வயல் செய்யும் ஒரு குடும்பத்துக்குப் போனது. அவர்களுக்குப் பிடித்துவிட்டது. நெல்லு வெட்டு முடியப் பெண் பார்க்க வருகிறோம் என்று சொல்லியனுப்பினார்கள். வெட்டுக்கு மூன்று மாதம் இருந்தது. அதற்குள் நான் படத்திலிருந்த பிள்ளையாக மாற வேண்டும். இல்லாவிட்டால் தேத்தண்ணித் தட்டோடு வெளியே வந்த உடனேயே பிடிபட்டுப் போவேன்.

பல் டொக்டரிடம் போயிருக்கலாமே என்று இப்போது எல்லாரும் கேட்கிறார்கள். கம்பி போட்டால் இரண்டு வருடமாவது செல்லும் என்று கேள்விப்பட்டிருந்தேன். என்னிடம் இருந்ததோ மூன்று மாதம். அதோடு, கம்பி பூட்டிய வாயோடு அவர்கள் முன்னால் போய் நிற்பதற்குப் பல்லோடேயே நிற்கலாம்.

முதலில் பெருவிரலால் அழுத்திப் பார்த்தேன். வேலைக்குப் போக நறுவிலிக்குளத்தில் பஸ் ஏறினால் பாலம் கடந்து மன்னாரில் இறங்கும் வரை மாஸ்க்குக்குள் கையை விட்டு அழுத்துவேன். ஒரு நாள் எதிர்ச் சீற்றில் விரல் சூப்பிக்கொண்டிருந்த ஒரு குழந்தை, தன் விரலை வெளியே எடுத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு வந்தது. அன்றோடு அந்த வைத்தியம் முடிந்தது.

பிறகு ஃபோனில் ஒரு வீடியோ கண்ணில் பட்டது. ஒரு பெண் பல்லில் றப்பர் வளையம் மாட்டிக் காட்டினாள். அவள் பேசியது எந்த மொழியோ தெரியாது, கை செய்தது மட்டும் விளங்கியது. எனக்கு அது போதும். ஏனென்றால் றப்பர் மாட்டுவதுதான் என் தொழில்.

மன்னார்க் கடற்கரையோரம் ஒரு நண்டு வாடியில் எனக்கு வேலை. பெரிய நண்டுகளை உயிரோடு கொழும்புக்கு அனுப்புவார்கள். அவற்றின் கடிகாலை மடக்கி றப்பர் போடுவோம். சின்ன நண்டுகளை அவித்து, ஓடு நீக்கி, சதையைத் தட்டுகளில் எடுப்போம். விரலை நொறுக்கக்கூடிய கடிகால் அந்த மெல்லிய றப்பருக்கு அடங்கிக் கிடப்பதைத் தினமும் பார்க்கிறவள் நான். அதற்கே அடங்குகிறதென்றால் என் பல் எம்மாத்திரம் என்று நினைத்தேன். ஆகச் சின்னதாக ஒரு றப்பரை எடுத்து முன்பற்கள் இரண்டையும் சேர்த்து இரண்டு சுற்றுச் சுற்றினேன். வாடியில் எல்லாரும் மாஸ்க் போட வேண்டும் என்பது சட்டம். அதனால் ஒருத்தருக்கும் தெரியாது. மாஸ்க்கைக் கண்டுபிடித்தவர் நன்றாக இருக்க வேண்டும் என்று மனதார வாழ்த்தினேன்.

நாலு நாள் பல் விண்விண் என்று வலித்தது. வலித்தால் வேலை செய்கிறது என்று அர்த்தம் என எடுத்துக்கொண்டேன். ஐந்தாம் நாள் மத்தியானம் நாக்கால் தடவிப் பார்த்தால் றப்பரைக் காணவில்லை.

எனக்கு உயிரே போய்விட்டது. பல்லுக்காக இல்லை, நண்டுச் சதைக்காக. சதைத் தட்டில் ஒரு தலைமயிர் கிடந்தாலே அன்றைக்கு வாடியில் பூகம்பம். றப்பர் கிடந்தால் வேலை போய்விடும். ஓட்டுத்துண்டு பார்ப்பதுபோல் நடித்து, அன்று நான் எடுத்த சதை முழுவதையும் விரலால் பிரித்துப் பிரித்துத் தேடினேன். எனக்கு முன்னால் இருந்து வேலை செய்யும் அக்கா, “என்ன பிள்ளை, இண்டைக்கு இவ்வளவு கவனம்?” என்று கேட்டார். “ஒண்டுமில்லை அக்கா” என்றேன். தட்டு சுத்தமாக இருந்தது. அப்படியென்றால் காலையில் பணிஸோடு விழுங்கியிருப்பேன் என்று முடிவு கட்டினேன். வந்த நிம்மதியில், பின்னேரம் வீட்டுக்குப் போய் இன்னொன்றை மாட்டினேன்.

அதுவும் ஒரு வாரத்தில் காணாமல் போனது. அதையும் விழுங்கியதாகவே கணக்கு.

பல் விளக்கும்போது இரத்தம் வந்தது. பல்லடிச் சதை, முரசு, வீங்கியது. முன்பற்கள் இரண்டும் ஒன்றையொன்று நெருங்கியிருந்ததைக் கண்ணாடியில் பார்த்துப் பூரித்தேன். அவை கொஞ்சம் நீண்டதுபோலவும் இருந்தது, அதை நான் பெரிதாக எடுக்கவில்லை. ஒரு நாள் வாடியில் றோஸ் பாணைக் கடித்தபோது இடது பக்கத்துப் பல் கதவுபோல உள்ளே போய் வெளியே வந்தது. முன்னாலிருந்த அக்கா என் மாஸ்க்கில் இரத்தத்தைக் கண்டுவிட்டார். நான் சொல்லச் சொல்ல, தலையில் கை வைத்துக்கொண்டு கேட்டார். பிறகு என்னைக் கையில் பிடித்து ஆசுப்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனார்.

பல் டொக்டர் என்னைவிடக் கொஞ்சம் மூத்த ஒரு பெண். எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்துவிட்டு முரசைக் கிழித்தார். உள்ளேயிருந்து ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு றப்பரையும் எடுத்துத் தட்டில் வைத்தார். “பல்லு வேர்ப் பக்கம் போகப் போக ஒடுங்கும். றப்பர் ஒடுங்கின பக்கம்தான் ஏறும். ஏறி எலும்பையே அரிச்சுப் போட்டுது” என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கடிகாலிலும் றப்பர் ஒடுங்கிய பக்கமாகத்தான் வழுக்கும். புதிதாக வரும் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக் கொடுப்பதே நான்தான்.

வலது பல்லைப் பக்கத்துப் பற்களோடு கம்பியால் கட்டிக் காப்பாற்றினார்கள். இடது பல்லைக் கழற்ற வேண்டியிருந்தது.

வீட்டில் அம்மா ஏசுவார் என்று நினைத்தேன். ஏசவில்லை. இரண்டு நாள் என்னோடு கதைக்கவேயில்லை. மூன்றாம் நாள் எனக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தபோது, கோப்பையைப் பார்த்தபடியே, “என்ர வாய்தானே உனக்கு வந்தது. அது அவ்வளவு அருவருப்பாப் போச்சோ?” என்று கேட்டார்.

அம்மாவுக்கும் அதே பல். அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டே சிரிக்கிறவர் என்பதால் ஊரில் பாதிப்பேருக்கு அது தெரியாது. றப்பரை மாட்டியபோது ஒரு தரமாவது நான் அதை யோசிக்கவில்லை. பல் கழற்றிய அன்று வராத அழுகை அப்போது வந்தது.

இப்ப வர வேண்டாம், பிறகு பார்ப்போம் என்று கட்டுக்கரை ஆட்களுக்கு அப்பா சொல்லியனுப்பினார். அவர்கள் பிறகும் பார்க்கவில்லை. அதற்காக நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை.

முரசு ஆறிய பிறகு கட்டுப்பல்லுக்கு அச்சு எடுக்க வரச் சொன்னார்கள். அம்மாவும் கூட வந்தார். டொக்டர் சொன்னார், “கம்பி கட்டினதில வலது பல்லு கொஞ்சம் உள்ள போயிட்டுது. அதனால புதுப் பல்லை நேராயும் வைக்கலாம், முந்தின மாதிரிக் கொஞ்சம் முன்னுக்கும் வைக்கலாம். எப்பிடி வேணும்?”

மூன்று மாதமாக நான் ஆசைப்பட்டது தட்டில் வைத்துக் கிடைக்கிறது. நேராக என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். கதவடியில் அம்மா, இது தனக்கு உரிய கதையில்லை என்பதுபோல் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். தலைப்பு வாயில் இருந்தது.

“முந்தின மாதிரியே வையுங்கோ” என்றேன்.

“முந்தி எப்பிடி இருந்தது? பல்லுத் தெரியச் சிரிக்கிற படம் ஏதும் இருக்கோ?”

அப்படி ஒரு படம் என்னிடம் இல்லை. “அம்மான்ர பல்லுத்தான் டொக்டர். அதைப் பார்த்துச் செய்யுங்கோ.”

அம்மா திடுக்கிட்டு நிமிர்ந்தார். மாட்டேன் என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அவர் செருப்பைக் கதவடியில் கழற்றிவிட்டு உள்ளே வந்து, நான் எழுந்த கதிரையில் சாய்ந்தார். டொக்டர் லைட்டை அவர் பக்கம் திருப்பினார். அம்மா கண்களை இறுக்கி மூடிக்கொண்டு, தலைப்பை எடுத்துவிட்டு, வாயை அகலத் திறந்தார்.