அமாவாசைக் கூட்டம்

மங்கையர்க்கரசி டீச்சருக்குக் கோபம் வந்தால் அது வாலாஜாபாத்தில் பஸ் ஏறும்போதே தொடங்கிவிடும். காஞ்சிபுரம் வந்து, பிள்ளையார்பாளையம் பள்ளிக்கு நடந்து சேர்வதற்குள் நன்றாகக் கொதித்திருக்கும். அந்த வாரக் கோபம் முழுவதும் சிவராஜ் என்ற நெசவாளர் மேல்.

அவர் மகள் சத்யப்ரியா எட்டாம் வகுப்பு. கணக்கில் புலி. உதவித்தொகைத் தேர்வுக்கு வகுப்பிலிருந்து ஒரே ஒருத்தியை அனுப்புவதென்றாலும் அவளைத்தான் அனுப்ப வேண்டும். ஆனால் விண்ணப்பத்தில் பெற்றோர் நேரில் வந்து கையெழுத்துப் போட்டாக வேண்டும் என்பது தலைமையாசிரியையின் கண்டிப்பு. கடைசி நாள் அடுத்த வியாழன். சிவராஜோ ஆனி மாதத்தில் ஒருமுறை வந்தவர், அப்புறம் எட்டிப் பார்க்கவில்லை. நாலு பெற்றோர் கூட்டத்துக்கு நாலு கடிதம் அவள் கையில் போயிற்று. நாலுக்கும் அடித்துண்டில் ‘வர இயலவில்லை, பி. சிவராஜ்’ என்று பதில். போன் செய்தால் எடுப்பதில்லை.

“பெத்த பொண்ணுக்கு ஒரு மணி நேரம் இல்லாத மனுஷன்” என்று ஆசிரியர் அறையில் பொரிந்து தள்ளிவிட்டு, வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் டீச்சர் அவர் வீட்டுக்கே போய்விட்டார்.

தறியில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். சிவராஜ் நடுவில், ஓரத்தில் பக்கத்து வீட்டுக் கதிர்வேல். அது கோர்வைச் சேலை. உடம்பு ஒரு நிறம், கரை வேறு நிறம். கரைக்கான நூல் ஓடும் நாடாவை ஓரத்திலிருந்து இன்னொருவர் தள்ளிக் கொடுக்க வேண்டும். ஓடுகிற தறிச் சத்தத்தில் போன் மணி எப்படிக் கேட்கும் என்பது டீச்சருக்கு அப்போதுதான் உறைத்தது. ஆனாலும் கோபத்தைச் சும்மா திருப்பி எடுத்துப்போக மனமில்லை. பையிலிருந்து நாலு துண்டுகளையும் எடுத்து நீட்டினார்.

சிவராஜ் ஒவ்வொன்றாகப் பார்த்தார். “இது எதுவும் என் கைக்கு வரல டீச்சர். கையெழுத்தும் என்னுது இல்ல.”

எல்லோரும் கதவோரம் நின்ற சத்யப்ரியாவைப் பார்த்தார்கள். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: “அன்னிக்கு அப்பா வந்தப்ப அத்தனை பேர் முன்னாடி நீங்க, ‘ஏன், அம்மா வரலையா’ன்னு கேட்டீங்க மிஸ். அதுக்கப்புறம் அப்பா ரெண்டு நாள் சரியா சாப்பிடல.”

டீச்சருக்கு அது நினைவில்கூட இல்லை. வருகிற எல்லா அப்பாக்களிடமும் அவர் கேட்கிற கேள்விதான் அது. சத்யப்ரியாவின் அம்மா கோபித்துக்கொண்டு ஆரணிக்குப் போய் இரண்டு வருஷம் ஆகிறது, திரும்பவில்லை என்பதைக் கதிர்வேல் டீச்சரை வாசலுக்குக் கூட்டிப்போய்ச் சொன்னார். ஒரு வாரமாகக் கொதித்த கோபம் இப்போது டீச்சர் மேலேயே திரும்பி ஊற்றிக்கொண்டது. வெட்கமாக இருந்தது.

உள்ளே திரும்பி வந்து, “தப்பு என்னுதுங்க” என்றார் சிவராஜிடம். “எப்ப கூட்டம் வெச்சா உங்களுக்குத் தோதுப்படும்?”

“நான் எழுந்தா இவனும் எழுந்துக்கணும். ரெண்டு பேர் வேலை கெடும். செவ்வாய்க்கிழமை அமாவாசை, அன்னிக்கு எங்கள்ல யாரும் தறியில உட்கார மாட்டோம்.”

“அன்னிக்கே வெக்கறேன். வருவீங்களா?”

“பாக்கறேன் டீச்சர்” என்றார் அவர். பார்க்கிறேன் என்றால் பெரும்பாலும் வரமாட்டேன் என்றுதான் அர்த்தம். ஊரறிந்த விஷயம்.

தலைமையாசிரியை முகத்தைச் சுளித்தார். “இந்த மாசம் அமாவாசை, அடுத்த மாசம் கிருத்திகையா?” டீச்சர் விடவில்லை. நடவு நாளில் கூட்டம் வைத்தால் டீச்சரின் சொந்த ஊரில் ஒரு ஈ, காக்கை வராது. அது தெரிந்தவருக்குத் தறி தெரியாமல் போனதுதான் ஆச்சரியம்.

செவ்வாயன்று கூட்டத்துக்கு வழக்கமாகப் பத்துப் பேர் வருகிற வகுப்பறையில் நிற்க இடமில்லை. பாதிப் பேர் அப்பாக்கள். ஒரு பையனுக்கு அவன் அத்தை வந்திருந்தார். கடைசி பெஞ்சில் யார் யார் என்று டீச்சரால் பார்க்க முடியவில்லை. எல்லாப் பிள்ளைக்கும் ஒரே கேள்விதான் என்று முதல் நாளே முடிவு செய்திருந்தார். பஸ்ஸில் சொல்லிப் பார்த்தும் வந்திருந்தார்.

“சத்யப்ரியா வீட்டுலேர்ந்து யாரு வந்திருக்கீங்க?”

சத்யப்ரியா குனிந்து நகத்தைக் கடித்தாள். டீச்சர் இன்னொரு முறை கேட்டார். அப்புறம் கடைசி பெஞ்சில், துவைத்த வெள்ளைச் சட்டையில் சிவராஜ் எழுந்தார்.

“நான்தான் டீச்சர். எங்க வீட்டுல நானும் அவளும்தான்.”

பெரும்பாலோர் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தவர்களும் அதை ஒரு சேதியாக எடுத்துக்கொள்ளவில்லை.

அவர் முன்னால் வந்து விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டார். பேனாவைத் திருப்பித் தரவில்லை. “அந்த நாலு துண்டு இருக்குதா?” என்று கேட்டார். டீச்சர் தயங்கித் தயங்கி எடுத்துக் கொடுத்தார். மகளைத் திட்டப் போகிறார் என்றே நினைத்தார்.

சிவராஜ் துண்டுகளை மேசையில் வரிசையாக வைத்தார். மகளைப் பக்கத்தில் நிற்கச் சொன்னார். அவள் எழுதியிருந்த ‘வர இயலவில்லை’ ஒவ்வொன்றின் கீழேயும், அவசரமில்லாமல், நாலு தடவை எழுதினார்: ‘வந்தேன். பி. சிவராஜ்.’