எடைமேடையில் நின்ற லாரி

காலை பத்து நாற்பது. கண்காணிப்புத் திரையில் நான் முதலில் பார்த்தது பச்சை நிறத்தை.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் பழைய இரும்பை உருக்கிக் கம்பி செய்யும் ஆலை ஒன்றின் கணினிப் பிரிவில் எனக்கு வேலை. ஆலையில் ஓடும் மென்பொருள்கள் எவ்வளவு வேகமாகப் பதில் தருகின்றன, எங்கே தடுமாறுகின்றன என்பதை அந்தத் திரை காட்டும். அன்று எல்லாக் கட்டங்களும் பச்சை. எடைமேடை மென்பொருளின் சராசரிப் பதில் நேரம் ஒரு நொடிக்கும் கீழே.

கதவைத் தள்ளிக்கொண்டு இரண்டாம் எடைமேடையின் ஆபரேட்டர் உள்ளே வந்தார். பழவேற்காட்டுப் பக்கத்து மீனவக் குப்பத்தைச் சேர்ந்த பெண், முப்பது வயதைக் கடந்தவர். கணவர் ஏரியில் இறால் பிடிக்கிறார். முகத்துவாரம் மண் மூடிவிட்டால் அவருக்கு மாதக்கணக்கில் வேலை இருக்காது. இந்தப் பெண்ணுக்கு ஒப்பந்த நிறுவனம் வழியாகக் கிடைத்த வேலை இது.

"சார், நான் திருடின்னு சொல்றாங்க" என்றார். நாற்காலியைக் காட்டினேன். உட்காரவில்லை.

முந்தைய வாரம் துறைமுகத்திலிருந்து வந்த லாரி ஒன்றின் எடைச்சீட்டு, கிடங்கில் இறங்கிய இரும்பைவிடப் பல டன் கூடுதலாகக் காட்டியது. டிரைவரோடு சேர்ந்துகொண்டு இவரே எடையைக் கூட்டிப் போட்டார் என்பது கொள்முதல் மேலாளரின் முடிவு. தராசின் இணைப்பு அறுந்துபோனால் எடையைக் கையால் தட்டிப் போட மென்பொருளில் வழி உண்டு. தராசு தந்த எண்ணா, கையால் போட்ட எண்ணா என்பதற்குப் பதிவில் எந்த அடையாளமும் கிடையாது.

"வண்டி ஏறுச்சு. போர்டுல எடை நின்னுச்சு. பட்டன அமுக்குனேன், வண்டிய எறக்குனேன். இன்னா தப்பு பண்ணேன், நீயே சொல்லு சார்."

"கம்ப்யூட்டர் அப்ப நின்னுச்சா?"

"அது இன்னிக்கி நேத்தா நிக்குது? தெனம் இந்த நேரத்துக்கு சுத்திக்கினேதான் இருக்கும்."

திரையைப் பார்த்தேன். பச்சை. ஒவ்வொரு பட்டன் அழுத்தலும் மென்பொருளுக்கு ஒரு கோரிக்கை. நாள் முழுவதும் ஆயிரக்கணக்கில் வந்துபோகும் சின்னச் சின்னக் கோரிக்கைகளில், நின்றுபோன நாலைந்து லாரிகள் சராசரியில் கரைந்துவிட்டிருந்தன. சராசரியை விலக்கிவிட்டு, மிக மெதுவான கோரிக்கைகளை மட்டும் தனியே பிரித்தேன். தினமும் பத்தரையிலிருந்து பதினொன்று வரை வரைபடத்தில் ஒரு மேடு எழுந்து அடங்கியது.

மறுநாள் அதே நேரத்தில் எடைமேடை அறைக்குப் போனேன். அவரை இன்னும் வேலையிலிருந்து நிறுத்தவில்லை. லாரிகளின் வரிசை நெடுஞ்சாலையைத் தொடக் கூடாது என்பது ஆலையின் உத்தரவு. அதனால் எண் பலகையில் எடை நின்று பட்டனை அழுத்தியதுமே வண்டியை இறக்கிவிடுவது அங்கே வழக்கம். சீட்டு வரும்வரை யாரும் காத்திருப்பதில்லை.

பத்து முப்பத்தைந்துக்கு, அவர் பட்டனை அழுத்தியதும் திரை நின்றது. மேடையில் நின்ற லாரியின் டிரைவர் ஜன்னலில் முகத்தை வைத்தார்.

"இன்னாக்கா, கம்ப்யூட்டரு நாஷ்டா துன்னப் போயிருச்சா?"

"உள்ள இன்னா உன் மாமியா ஊடா இருக்குது, இவ்ளோ அவசரம்? எறக்கு வண்டிய. சீட்டு அப்பால வாங்கிக்க."

லாரி இறங்கியது. அடுத்தது ஏறியது. அது பாரம் அதிகமான வண்டி. அதன் எடையை நான் பலகையில் படித்துக்கொண்டிருக்கும்போதே முதல் லாரியின் சீட்டு அச்சாகி வந்தது. அதில் இருந்தது இரண்டாவது லாரியின் எடை.

அவர் சீட்டையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தார். சீட்டைக் கிழிக்கப் போனவரைத் தடுத்து, நான் வாங்கிக்கொண்டேன்.

ஒவ்வொரு கோரிக்கையும் எந்த வழியாகப் போனது, எந்த இடத்தில் எவ்வளவு நேரம் நின்றது என்பதைக் கண்காணிப்புக் கருவி பதிந்து வைக்கும். நாங்கள் அதை டிரேஸ் என்போம். அன்றைய டிரேஸ் கிடைத்தது. பட்டனை அழுத்திய கோரிக்கை முதலில் தரவுத்தளத்தின் வாசலில் காத்துக் கிடந்தது. வழி திறந்த பிறகுதான் தராசிடம் போய் எடையைக் கேட்டது. அதற்குள் தராசின் மேல் வேறு வண்டி நின்றிருந்தது. தரவுத்தளத்தை அவ்வளவு நேரம் பிடித்து வைத்திருந்தது கொள்முதல் பிரிவு தினமும் அந்த நேரத்தில் எடுக்கும் அறிக்கை.

சந்தேகத்துக்குள்ளான லாரியின் டிரேஸைத் தேடினேன். இல்லை. சேமிப்புச் செலவைக் குறைப்பதற்காக, பத்துக் கோரிக்கைகளில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடும்படி தலைமை அலுவலகம் கருவியை அமைத்திருந்தது. எது வேகமாகப் போனது, எது நின்றுபோனது என்று அந்தக் கருவி பார்ப்பதில்லை. அந்த லாரி விடப்பட்ட ஒன்பதில் இருந்தது. தேடும் சொற்களை மாற்றி மாற்றிப் போட்டேன். மதியம்வரை அதைத்தான் செய்தேன். இல்லாத ஒன்றைத் தேடுகிறோம் என்று முதல் பத்து நிமிடத்திலேயே தெரிந்திருந்தது.

அடுத்த நாள், கிடைத்ததை எடுத்துக்கொண்டு கொள்முதல் மேலாளரிடம் போனேன். அவர் பொறுமையாகக் கேட்டார், நடுவில் இரண்டு கேள்விகளும் கேட்டார். புரிந்துகொண்டார் என்றே நினைத்தேன்.

"இது நேத்து வந்த வண்டி. நான் கேக்கறது போன வாரத்து வண்டி. அதைக் காட்டுங்க."

"அதோட டிரேஸ் இல்ல சார். ஆனா அந்த வண்டியோட எடையும் அதுக்குப் பின்னாடி ஏறுன வண்டியோட எடையும் கிலோ சுத்தமா ஒண்ணுதான். நேத்து நடந்ததும் அதேதான்."

"அதைத்தான் நானும் சொல்றேன். பின்னாடி வந்த வண்டியைப் பாத்து அதே எண்ணை அடிச்சிருக்காங்க. சொந்தமா ஒரு எண்ணு போடக்கூட யோசிக்கல."

அந்த எண்ணைத் தராசு தந்ததா, விரல் தந்ததா என்று சொல்லக்கூடிய ஒரே பொருள் சேமிக்கப்படவில்லை.

மென்பொருளில் பிழை இருந்ததை அவர் ஒப்புக்கொண்டார். உடனே சரிசெய்யச் சொன்னார். பட்டனை அழுத்தியதுமே எடை பதியும்படி, நிரலில் எடையைப் படிக்கும் வரியைக் காத்திருக்கும் வரிக்கு மேலே ஏற்றினோம். வேலை அவ்வளவுதான். அறிக்கை எடுக்கும் நேரத்தையும் மதிய உணவு வேளைக்கு மாற்றினார்கள். பத்தரை மணி மேடு தட்டையானது. தலைமை அலுவலகத்திலிருந்து எங்கள் பிரிவைப் பாராட்டி மின்னஞ்சல் வந்தது. அதில் எடைமேடை ஆபரேட்டரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அவருக்காக நான் எழுதிய விளக்கத்துக்கு, ஒப்பந்தப் பணியாளர் விஷயத்தை ஒப்பந்த நிறுவனம் பார்த்துக்கொள்ளும் என்று பதில் வந்தது. ஒப்பந்த நிறுவனத்தைக் கேட்டால், ஆலை சொல்வதுதான் முடிவு என்றார்கள். இரண்டு தரப்புக்கும் மீண்டும் எழுதினேன். பிறகு பதில் வரவில்லை.

அவர் வாசலில் ஒருமுறை என்னைப் பார்த்தார். டிபன் பையைத் தோளில் மாட்டியிருந்தார்.

"கம்ப்யூட்டரு நல்லாயிருச்சாமே சார்?"

"ஆமாம்மா."

"அப்ப நான் திருடலன்னு தெரிஞ்சிருச்சில்ல?"

எனக்குத் தெரியும் என்றேன்.

"உனக்குத் தெரிஞ்சி இன்னா சார்" என்றார். குரலில் கோபம் எதுவும் இல்லை. பொன்னேரி பஸ் வந்தது. ஏறிவிட்டார்.

திங்கட்கிழமை எங்கள் பிரிவுக்கு ஒரு கோரிக்கை வந்தது. இரண்டாம் எடைமேடை ஆபரேட்டரின் கணினிக் கணக்கை முடக்கவும் என்று ஒரே வரி. அந்த வாரம் கணக்குகளைப் பார்ப்பது என் முறை. முடக்கினேன்.