மலைக் காப்பிக்கு நெற்குப்பை வெயில்

காரைக்குடியில் காப்பித்தூள் விற்கிறவர்கள் எத்தனையோ பேர். தன்னைப்போல வறுக்கிற ஒருவரைக் காட்டிவிட்டால், கடையை இழுத்து மூடிவிட்டு மானகிரிக்கே திரும்பிப் போய் மாடு மேய்ப்பதாகப் பொன்னழகு சவால் விடுவார். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் அவருக்கும் ஒத்துவராமல் போய்விட்டது. கட்டிக்கொண்ட மனிதர் படுத்த படுக்கை. கையால் சுற்றும் இரும்பு உருளை ஒன்றை வாடகைக்குப் பிடித்து, கொட்டையை வறுத்து இடித்து, தூக்குச்சட்டியில் வீடு வீடாகச் சுமந்து விற்று மேலே வந்தவர். இன்றைக்குச் செட்டிநாட்டில் எந்தக் கல்யாணத்துக்குப் பந்தல் போட்டாலும் காப்பித்தூளுக்கு அவர் கடைப் படிதான் ஏற வேண்டும். கொட்டை பொரியும் சத்தத்தை வைத்தே இறக்க வேண்டிய பதத்தைச் சொல்லிவிடும் காது அவருக்கு. அந்தக் காதின் பெருமையை அவரே சொல்லிவிடுவார். யாரும் கேட்கக் காத்திருக்க மாட்டார்.

அப்பேர்ப்பட்டவர் அறுபத்தெட்டு வயதுவரை ஒரு காப்பிப் பழத்தைக் கண்ணால் கண்டதில்லை.

கண்டது போன மாசியில். திருக்கோஷ்டியூர்ப் பெருமாள் கோயில் தெப்பத்துக்கு வேண்டுதலோடு போகிறவர்கள் அங்கிருந்து ஓர் அகல்விளக்கை எடுத்துவந்து வீட்டில் வைத்துக் கும்பிடுவார்கள். நினைத்தது நடந்தால் மறு வருஷம் குளக்கரையில் விளக்கேற்றுவார்கள். அப்படி எடுத்த அகலை முந்தானையில் முடிந்துகொண்டு ஒரு பெண் கடைக்கு வந்தார். தூளின் விலையைக் கேட்டார். சொன்னதும் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

பொன்னழகுக்குச் சுருக்கென்றது. "ஏத்தா, வெலயக் கேட்டுட்டு இப்புடி உக்காந்தீகன்னா பாக்குறவுக என்ன நெனப்பாக? என் தூளு அம்புட்டு மட்டமா?"

"உங்க தூளக் கொற சொல்லல பெரியம்மா. இது எங்க மலைக் காப்பி. நாங்க தரகருக்குக் குடுக்குற வெலய நெனச்சேன், உக்காந்துட்டேன்."

அவர் பெயர் தீபலட்சுமி. பழனி மலைச்சரிவில், ஆரஞ்சு மரங்களுக்கு அடியில் கால் ஏக்கர், அரை ஏக்கர் என்று காப்பி வைத்திருக்கும் பெண்களில் ஒருவர். ஆண்கள் திருப்பூருக்குப் போய்விட, செடியைப் பார்ப்பது முழுக்கப் பெண்கள்தான். முன்பெல்லாம் செடியைப் பூக்கவைக்கும் பூ மழை வர வேண்டிய நேரத்துக்கு வருமாம். இப்போது அது தள்ளிப்போகிறது. பூ தள்ளிப்போனால் பழமும் தள்ளிப்போகிறது. பழத்தைப் பறித்துக் காயப்போடும்போது பார்த்து, வரக் கூடாத மழை வந்து நிற்கிறது. ஈரக் காப்பி இரண்டொரு நாள் குவிந்து கிடந்தால் பூசணம் பிடித்துவிடும். இது சிவபிரகாஷ் என்கிற தரகருக்கு நன்றாகத் தெரியும். மழையில் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு அவர் வாய்க்கு வந்த விலையைச் சொல்வார். மாட்டேன் என்று சொல்ல யாராலும் முடியாது. இந்த வருஷமும் வீட்டுக்குள் ஈரக் காப்பிதான். இன்னும் இரண்டே நாளில், சனிக்கிழமை, அவர் வந்துவிடுவார்.

பெருமாளிடம் என்ன கேட்டீர்கள் என்று பொன்னழகு விசாரித்தார். வெயில் கேட்டாராம்.

பொன்னழகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "வெயிலுக்கா வேண்டுதலு? எங்க ஊர்ல அது கூப்புடாமலே வந்து தலையில ஏறி உக்காந்திருக்கேத்தா."

தீபலட்சுமி சிரிக்கவில்லை. பெருமாள் காலடியில் வைக்க ஒரு காப்பிக் கிளையை ஒடித்து வந்திருந்தார். வைத்ததுபோக ஒரு கொத்து பையில் மீதி இருந்தது. அதை எடுத்துப் பொன்னழகின் கையில் கொடுத்தார். பவளத்தைக் கோத்ததுபோல் சிவப்பு. ஒன்றைப் பிதுக்கினார் பொன்னழகு. வழுவழுவென்று இரண்டு கொட்டைகள், முகத்தோடு முகம் ஒட்டிப் படுத்திருந்தன. நாக்கில் வைத்தால் தேன். இன்னொன்றையும் பிதுக்கிச் சப்பினார்.

"இம்புட்டு இனிப்புக்குள்ள இருந்தா இத்தன நாளா அந்தக் கசப்ப எடுத்தேன்" என்றார். சொன்ன கையோடு போனை எடுத்தார்.

நெற்குப்பையில் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடு ஒன்று. அந்த வீட்டு விசேஷங்களுக்கெல்லாம் பொன்னழகின் தூள்தான். சென்னையிலிருக்கும் வீட்டுக்கார ஆச்சியிடம், காப்பி காயப்போட மொட்டைமாடியைக் கேட்டார். தரையில் இரும்பு படக் கூடாது, மரப்பலகையால்தான் தள்ள வேண்டும் என்ற ஒரே கட்டளையோடு ஆச்சி சம்மதித்தார். சாவி காவல்காரர் பெத்தனிடம் இருந்தது.

சனிக்கிழமை சிவபிரகாஷ் மலையேறுவதற்குள் காப்பி ஏற்றிய வேன் மலையிறங்கி நெற்குப்பைக்கு வந்துவிட்டது. பழத்தோல் உரித்து, ஊறவைத்து, கழுவிய காப்பி. மேலே மெல்லிய உமி மூடி, ஈர முத்துப்போல இருந்தது. மூட்டையைப் பிரித்ததும் முளைகட்டிய பயறும் வெல்லமும் கலந்தது மாதிரி ஒரு வாசம் எழுந்தது. தீபலட்சுமியும் கூட வந்த பெண்களும் அதை மாடியில் விரித்தார்கள். வடகமும் மிளகாயும் மட்டுமே கண்ட அந்த மாடி, ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை பொன்னிறமாக மாறியது. தெருவே கூடி அண்ணாந்து பார்த்தது. இதுதான் காப்பியா என்று பெத்தன் செருப்பைக் கழற்றிவிட்டுப் படியேறினார்.

விடிய விடிய பயணம் செய்த பெண்கள் கீழே கண் அசந்துவிட்டார்கள். மாடியைத் தான் பார்த்துக்கொள்வதாகப் பொன்னழகு சொல்லியிருந்தார். உச்சி வெயில் ஏறியது. காப்பிக்குள்ளிருந்து பொட் பொட்டென்று மெல்லிய சத்தம் கிளம்பி, மாடி முழுவதும் பரவியது. பொன்னழகுக்கு முகமெல்லாம் மலர்ச்சி.

"கேட்டீகளா பெத்தண்ணே? பதம் பேசுது. வத்தல் காயுறப்பவும் இப்புடித்தான், உருளையிலயும் இப்புடித்தான். என் காது பொய் சொல்லாது."

பொன்னழகின் பேச்சு காதில் விழுந்து, தீபலட்சுமி தலைமுடியை முடியக்கூட நேரமில்லாமல் ஓடி வந்தார். ஒரு பிடியை அள்ளிப் பார்த்தார். உமி வெடித்திருந்தது. வடகத்துக்கு வேண்டுமானால் இந்த வெயில் வரம். காப்பியோ மேலே வேகமாகக் காய்ந்து, உள்ளே ஈரத்தோடு நின்று, உமி பிளந்துவிடும். பிளந்த காப்பியைப் பார்த்தால் எந்தத் தரகரும் உதட்டைப் பிதுக்குவார்.

"இதுக்கு அந்த மழையே தேவல பெரியம்மா" என்றார்.

முந்தானையை இழுத்துச் செருகி முதல் கூடையைப் பொன்னழகுதான் தூக்கினார். மாடியிலிருந்து இறக்கி, வீட்டுக்கு நடுவிலுள்ள வளவில் கொட்டினார்கள். வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் தூண் வைத்த தாழ்வாரம். வெயில் அங்கே சதுரமாக விழுந்து, மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. பக்கத்திலேயே நிழல், நிழலில் காற்று. தீபலட்சுமி அந்தச் சதுரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பலகையை எடுத்து, வெயிலிலிருந்த காப்பியை நிழலுக்கும் நிழலிலிருந்ததை வெயிலுக்குமாகத் தள்ளினார்.

"யாரு கட்டுனாக இந்த வீட்ட? காப்பிக்குன்னே கட்டுன மாதிரில்ல இருக்கு" என்றார்.

அதற்குப் பிறகு காலை இளவெயிலுக்கு மாடி, உச்சிப்பொழுதுக்கு வளவு என்று ஆனது. நாள் முழுக்கப் பெண்கள் காப்பியைத் தள்ளிக்கொண்டே இருந்தார்கள். வளவுக்குள் அந்தச் சத்தம் குளத்தில் அலையடிப்பதுபோல் ஒலிக்கும். கடையைப் பூட்டிவிட்டு தினமும் பஸ் ஏறி வந்து, தூணோரம் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருப்பார் பொன்னழகு. வெடித்ததை எல்லாம் தனியே பொறுக்கி வைக்கச் சொன்னார். கெட்டது தன் காதை நம்பியதால், ஆகவே நல்ல காப்பி விலைக்கே அதைத் தான் எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்.

காப்பி காய்ந்து மூட்டை பிடிக்கிற அன்று சிவபிரகாஷ் விசாரித்துக்கொண்டு காரில் வந்து இறங்கினார். ஒரு கொட்டையின் உமியை நீக்கிக் கடித்தார். பல் இறங்கவில்லை; நன்றாகக் காய்ந்திருந்தது. இன்னொன்றைக் கடித்தார். பிறகு பொன்னழகைப் பார்த்துச் சிரித்தார்.

"நீங்க வறுக்கப்போறது ரெண்டு மூட்ட. மிச்சத்த யாரு வாங்குவா? கடைசியில எங்கிட்டத்தான வரணும்?"

அவர் கேட்டது நியாயமான கேள்வி. இத்தனை மூட்டையை வாங்கப் பொன்னழகால் முடியாது. காரைக்குடி முழுக்கக் காப்பி குடித்தாலும் தீராது.

தீபலட்சுமி சாக்கு ஊசியைக் கீழே வைக்காமலே நிமிர்ந்தார்.

"ஈரமா இருந்தா நீங்க சொல்றது சரிண்ணே. இது காஞ்சிருச்சு. இங்கனயே மாசக்கணக்கா கெடக்கும், அதுக்கு அவசரமில்ல. உங்க வெலயச் சொல்லிட்டுப் போங்க. மலையில எல்லாரையும் கலந்துக்கிட்டு யோசிச்சுச் சொல்றோம்."

சிவபிரகாஷ் ஒரு விலை சொன்னார். தீபலட்சுமி கேட்டுக்கொண்டதாகத் தலையாட்டிவிட்டுத் தைத்துக்கொண்டிருந்தார். தரகர் கொஞ்சம் ஏற்றிச் சொன்னார். அதற்கும் அதே தலையாட்டல். வாசல்வரை போய்த் திரும்பி வந்து, எப்போது சொல்வீர்கள் என்று கேட்டார்.

மலையில் எப்போதும் சிவபிரகாஷ் சொன்னதுதான் விலை, பதிலுக்குக் காத்திருக்கும் கேள்வியை அவர் கேட்டது இதுவே முதல்முறை என்று தீபலட்சுமி பிறகு சொன்னார். அதைக் கேட்டதும் பொன்னழகு எழுந்து போய், அடுக்கியிருந்த மூட்டை ஒன்றின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.