மடிக்கணினிக்குப் பூசிய சந்தனம்

மலேசியாவின் ஈப்போ நகரில், சிலிபின் பகுதியில் ஒரு கடையில் என் பழைய மடிக்கணினிக்கு வேகமான ப்ராசசர் போட்டேன். வீட்டுக்கு வந்ததும், புதுப்பொருளுக்குச் செய்வதுபோல் சந்தனம் பூசிச் சூடம் காட்டினேன். ப்ராசசர் அடியில்தானே இருக்கிறது என்று அங்கேயே தாராளமாகப் பூசினேன்.

அன்று மாலையே அது தோசைக்கல்லாகக் கொதித்துத் தானாக அணைந்தது. கடைக்காரர் பழைய ப்ராசசரையே மாட்டி ஏமாற்றிவிட்டாரோ? அவர் சிரித்துப் பேசியதுகூட இப்போது உறுத்தியது.

மறுநாள் போய், "உண்மையச் சொல்லுங்கண்ணே, உள்ள என்ன போட்டீங்க?" என்று சத்தம் போட்டேன்.

அவர் கணினியைக் கவிழ்த்தார். "நான் போட்டது இருக்கட்டும் லா. நீங்க என்ன போட்டீங்க அக்கா? விசிறி காத்து இழுக்கிற ஓட்டை பூரா சந்தனம்!"

இப்போதெல்லாம் சந்தனப் பொட்டு மடிக்கணினியின் மூடியில் மட்டும்தான். கடையிலிருந்து திரும்பிய அன்றே, சந்தேகம் விடாமல், வாங்கிய புதிதில் இதேபோல் பூஜை செய்த ரைஸ் குக்கரையும் கவிழ்த்துப் பார்த்தேன். அங்கேயும் சந்தனம்.