எட்டுப் பல் பாசி

சித்தியைப் பெண் பார்க்க வந்தவர்கள் கிளம்பிப் போன பிறகுதான், அவள் குற்றாலத்தில் மரத்திலிருந்து சுரண்டி வந்த பாசியும் அவர்களோடு கிளம்பிவிட்டது தெரிந்தது.

சங்கரன்கோவிலில் வெளியூர் விருந்தாளியைக் கோவில் புற்றுமண் கொடுக்காமல் அனுப்புவதில்லை. அம்மா சாமி மாடத்தருகே இருந்த காகிதப் பொட்டலத்தை எடுத்து மாப்பிள்ளையின் அம்மாவிடம் பக்தியோடு நீட்டியிருந்தாள். மண் பொட்டலமோ மாடத்திலேயே இருந்தது. அம்மாவின் தங்கையான சித்தி கல்லூரியில் தாவரவியல் படித்தாள். பாசியையும் அதே மாதிரி செய்தித்தாளில்தான் மடித்து வைத்திருந்தாள். திங்கட்கிழமை செய்முறைத் தேர்வில் அதைக் காட்டியாக வேண்டும்.

"யக்கா, அது போனா நான் பெயிலு" என்று செருப்பைத் தேடினாள் சித்தி.

"குடுத்ததத் திருப்பிக் கேட்டா சம்பந்தம் முறிஞ்சிரும்" என்றார் அப்பா.

பட்டுச்சேலையோடு, சிறுமியான என்னையும் இழுத்துக்கொண்டு ஓடினாள் சித்தி. இன்றும் மகளைப் பள்ளிக்கு அனுப்பக் கிளம்பினால், பூட்டிய கதவைத் திரும்பப் போய் இழுத்துப் பார்க்கிறவள் நான். அன்று வழியெல்லாம் கவலை: சித்தி பெயிலாவாளா, கல்யாணம் நின்றுவிடுமா?

பஸ் ஸ்டாண்டில் தென்காசி பஸ் உறுமிக்கொண்டு நின்றது. ஜன்னலோரம் மாப்பிள்ளையின் அம்மா, நெற்றியில் பூசப் பொட்டலத்தைப் பிரித்துவிட்டுத் திகைத்திருந்தார்.

"அம்மா, அது மண்ணு இல்ல. பாசி" என்றாள் சித்தி மூச்சு வாங்க.

"பாசியா? இது எந்தச் சீக்குக்கு?"

"ஒண்ணுக்கும் ஆகாது. எந்த வகைன்னு கண்டுபிடிக்கணும், அவ்வளவுதான்."

வீட்டில் வாயே திறக்காத மாப்பிள்ளை எட்டிப் பார்த்தார். "பாசியில வகையெல்லாம் உண்டா?"

பெண் பார்க்கும்போதும் இடுப்பில் செருகியிருந்த கைலென்ஸை எடுத்து நீட்டினாள் சித்தி. "இது பேரு ஆக்டோபிளஃபாரம். வெளுத்திருக்குன்னு புஸ்தகத்துல வெள்ளைப் பாசிகளோட சேத்து வச்சிருக்காவ. உச்சியில இருக்க வித்துக் குப்பியோட வாயப் பாருங்க. அதுகளுக்குப் பதினாறு பல்லு, இதுக்கு எட்டுதான். தனியா வைக்கணும்னு நான் சொல்லுதேன்."

அவர் நிதானமாக எண்ணினார். "எனக்கு ஏழுதான் தெரியுது."

"நல்லா எண்ணுங்க."

"பல்லெல்லாம் பொறவு எண்ணலாம், வண்டி கிளம்புது!" என்று கண்டக்டர் விசில் ஊதினார். பொட்டலம் சித்தி கைக்கு வந்தது. லென்ஸ் பஸ்ஸோடு போயிற்று.

"லென்ஸு! சித்தி, லென்ஸு!" என்று கத்திக்கொண்டே பஸ்ஸின் பின்னால் ஓடப் பார்த்தேன். சித்தி என் வாயைப் பொத்தினாள்.

"சும்மா கெட, மக்கா. அவிய எண்ணி முடிக்கட்டும்."

வீடு வரும்வரை சிரித்துக்கொண்டே வந்தாள். இருந்த ஒரே லென்ஸையும் தொலைத்துவிட்டு ஒருத்தியால் எப்படிச் சிரிக்க முடிகிறது என்று, அவளுக்கும் சேர்த்து நான்தான் சாப்பிடாமல் கவலைப்பட்டேன்.