காயப்போட முடியாத கோட்டுகள்

என் வீட்டுக்காரரிடம் இரண்டு கோட்டுகள் இருந்தன. இரண்டையும் வெளியில் காயப்போட முடியாது. அன்புவழிபுரத்தில் எங்கள் ஒழுங்கை தெருவில் ஏறுகிற முனையில் ஆமிச் சென்றி இருந்தது. அதில் காவல் நிற்கிறவர்களுக்குப் பகல் முழுக்கப் பார்ப்பதற்கு எங்கள் கொடியில் தொங்குகிற உடுப்புகளை விட்டால் வேறு ஒன்றும் இல்லை. சாரம் தொங்கலாம், சேலை தொங்கலாம். காட்டு நிறத்தில் ஒரு கைக்குட்டை தொங்கினாலும் சப்பாத்துக் கால்கள் விறாந்தைக்கு வந்துவிடும். அதனால் குசினிக்குள் கயிறு கட்டி, அடுப்புக்கு மேலே அவற்றைத் தொங்கவிட்டேன். நாட்கணக்கில் ஈரம் போகாது. வீடு முழுக்கப் புளித்த நாற்றம்.

சமாதானம், சமாதானம் என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. யுத்தம் கொஞ்சம் மூச்சு வாங்குகிறது என்றுதான் நான் நினைத்தேன். ஆனாலும் கன்னியாப் பக்கத்துக் காட்டுக்குப் போகிற பாதையைத் திறந்துவிட்டார்கள், என் மனிதருக்கு அது போதும். கலியாணத்துக்கு முன்பிருந்தே வேட்டைப் பைத்தியம். அவருடைய துவக்கைப் பிரச்சினை தொடங்கியபோதே பொலிசில் ஒப்படைக்கச் சொல்லி வாங்கிவிட்டார்கள். அது திரும்பி வரவேயில்லை. துவக்கில்லாத வேட்டைக்காரர் கெற்றப்போல் செய்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற, தலை பாதி நரைத்த மனிதர், சைக்கிள் ரியூப்பை வெட்டிக் கவைத்தடியில் கட்டிக்கொண்டு சனிக்கிழமைகளில் காட்டுக்கோழி அடிக்கப் போனார். அரசாங்க அலுவல் பார்க்கிற கச்சேரியில் என்னோடு வேலை செய்த பெண்கள் கேட்டால், விறகு பார்க்கப் போயிருக்கிறார் என்று சொல்லிச் சமாளிப்பேன்.

காட்டுக்கோழிக்குக் கண் பொல்லாத கூர்மை. வெள்ளைச் சட்டையைக் கண்டால் ஒரு கொக்கரிப்பு, அவ்வளவுதான், காடே வெறிச்சோடிப் போய்விடும் என்பார். வெறுங்கையோடு வந்த ஒவ்வொரு சனிக்கிழமையும் குற்றம் சட்டையின் மேலேதான் விழுந்தது.

முதலாவது கோட்டு பசாரில் நடைபாதைக் கடையில் எடுத்தது. வெளிநாட்டுப் பழைய உடுப்புகள் பொதி பொதியாக வந்து குவிகிற கடை. கிளறிக்கொண்டு போனவருக்கு அடியில் அது கிடைத்திருக்கிறது. எந்த நாட்டு ஆமியோ, பச்சையும் மண்ணிறமுமாகத் திட்டுத் திட்டாக இருந்தது. தோளில் ஏதோ கொடியைத் தைத்துப் பிறகு பிரித்தெடுத்த ஊசித் துளைகள். எவனுடைய உடம்பில் கிடந்ததோ, அவன் இருக்கிறானோ செத்தானோ என்று எனக்கு அதைத் தொடவே கூசியது. அவருக்கென்றால் புதையல் கிடைத்த மாதிரி. மரக்கறிப் பைக்குள் சுருட்டி, மேலே கீரைக்கட்டை வைத்து, இரண்டு சென்றியைத் தாண்டிக் கொண்டுவந்துவிட்டு, அதைப் பெருமையாக வேறு சொன்னார்.

நான் தொலைபேசியில் தம்பியிடம் அழாக்குறையாகச் சொன்னேன். தம்பி கனடாவில் இருக்கிறான், அங்கே மான் வேட்டைக்குப் போகிறவன். அவனுக்கு எங்கள் நிலைமை மறந்துபோய்விட்டது. "அக்கா, ஆமிக் கோட்டு அத்தானுக்கு வேண்டாம். இஞ்ச வேட்டைக்கெண்டே கடையில விக்கிறாங்கள். நான் அனுப்புறன்" என்றான். நான் கேட்டது கோட்டே வேண்டாம் என்று அவரிடம் சொல்லச் சொல்லி. அவன் இன்னொன்றை அனுப்பிவிட்டான்.

அந்தப் பார்சல் வந்த நாளிலிருந்து எங்கள் குசினி பரீட்சை மண்டபமாகிவிட்டது. தம்பியின் கோட்டில் இலையும் மரப்பட்டையும் படம் பிடித்த மாதிரியே அச்சடித்திருந்தது. எத்தனை பொக்கற், எத்தனை சிப்! ஆனால் கையை வீசினால் சரசரவென்று சத்தம். இவர் அதைப் போட்டுக்கொண்டு அம்மிக்கும் தண்ணீர்க் குடத்துக்கும் நடுவே பதுங்கிப் பதுங்கி நடந்தார்.

"கேக்குதே?"

"ஒழுங்கை முனைக்கும் கேக்கும்" என்றேன்.

பிறகு ஆமிக் கோட்டு. அது தடித்த பருத்தி, முள் கீறினாலும் சத்தமில்லை. வெயிலில் வெளிறி எங்கள் காட்டு நிறத்துக்கே வந்திருந்தது. தம்பியின் கோட்டில் இருந்த இலைகளோ மஞ்சளும் சிவப்புமாக, கனடாவில் பனிக்கு முன் உதிர்கிற இலைகள். எங்கள் பாலை மரத்துக்கும் வீரை மரத்துக்கும் அந்த இலையைத் தெரியாது. ஒருநாள் தம்பியின் கோட்டையும் போட்டுக்கொண்டு கிணற்றடி வேலியோரம் போய்க் குந்திவிட்டார்.

"இஞ்ச பாரும், நான் இருக்கிறது தெரியுதே?"

"வயிறு தெரியுது. உள்ள வாங்கோ! சென்றியில பார்த்தால் என்ன செய்வீங்கள்?"

"அவங்களுக்கும் தெரியாது, அதுதானே கோட்டு."

எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே வந்தேன். அன்று முழுக்க ஒழுங்கையில் சைக்கிள் மணி கேட்டாலும் எட்டிப் பார்த்தேன். இரண்டையும் எரித்துவிடுவோம் என்றால் புகையைப் பார்த்து என்னவென்று கேட்பார்கள். வைத்திருந்தால் சோதனைக்கு வந்து எடுப்பார்கள். அலுமாரிக்குள் என் கூறைச் சேலைக்குக் கீழே வைப்பேன், பிறகு அரிசிப் பானைக்குப் பின்னால் மாற்றுவேன், அங்கேயும் மனம் நிற்காது.

பார்சலின் அடியில் இன்னொன்றும் இருந்தது. கையில்லாத ஒரு மேலங்கி, கண்ணைப் பறிக்கிற செம்மஞ்சள் நிறம். துறைமுகத்தில் இவர் வேலைக்குப் போடுவதும் அப்படி ஒன்றுதான், இது அதைவிடப் பளிச்சென்று இருந்தது. தம்பி தவறி வைத்துவிட்டான் என்று நினைத்தேன். கேட்டபோது சிரித்தான்.

"தவறி இல்லை அக்கா. அது இஞ்ச கட்டாயம். கோட்டுக்கு மேல அதைப் போடாமல் காட்டுக்குள்ள போக ஏலாது, தண்டம் அடிப்பாங்கள். மானுக்கு அந்த நிறம் விளங்காது. மற்ற வேட்டைக்காரனுக்கு விளங்கும். இல்லாட்டி மான் எண்டு நினைச்சு உன்னையே சுட்டுப்போடுவான்."

ரிசீவரை வைத்தபிறகும் அந்தக் கதை என்னை விடவில்லை. மிருகத்துக்கு ஒளித்துக்கொண்டு மனிதருக்குத் தெரிகிற மாதிரி உடுக்கிற ஊரும் இருக்கிறது. எனக்கு வேண்டியதும் அதுதான். இவரிடம் சொன்னேன்.

"மானுக்கு விளங்காது, சரி. கோழிக்கு விளங்கும்" என்றார். "உந்த அங்கியைப் போட்டுக்கொண்டு போனால் கோழி என்னைப் பார்த்துச் சிரிக்கும்."

"சிரிக்கட்டும். கோழி சிரிச்சால் என்ன? காட்டுக்குள்ள ஆரார் இருக்கினமெண்டு உங்களுக்குத் தெரியுமே?"

"ஒருத்தரும் இல்லை. நீர் சும்மா பயப்படுறீர்."

எனக்குப் பயம்தான். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. ஆமிக் கோட்டோடு இந்தச் சென்றிப் பக்கத்தவர்களிடம் பிடிபட்டால் எங்கே எடுத்தாய் என்பார்கள், அந்தக் காட்டுப் பக்கத்தவர்கள் கண்டால் கேட்கவே மாட்டார்கள். தம்பியின் கோட்டிலாவது கடைப் பெயர் இருந்தது, விளங்கப்படுத்த ஒரு வாய்ப்பு இருந்தது. அதனால் நானே முடிவு சொன்னேன். போவதென்றால் தம்பியின் கோட்டு, அதற்கு மேலே செம்மஞ்சள். இல்லையென்றால் நான் பாயை விரித்துப் படலையடியில், வாசலை மறித்துப் படுத்துவிடுவேன். இவர் முகட்டைப் பார்த்து "ஓம்" என்றார். அந்த ஓம் எனக்குப் பிடிக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை விடிய, தம்பியின் கோட்டையும் செம்மஞ்சளையும் உரப்பைக்குள் போட்டு, மேலே கத்தியையும் கயிற்றையும் வைத்து, விறகுக்குப் போகிறவர் போலச் சைக்கிளில் போனார். வெயில் ஏறமுன் வந்துவிடுவேன் என்று சொன்னவர். வெயில் ஏறியது. சோறு வடித்தேன், கறியை இறக்கினேன், படலைக்குப் போனேன், திரும்பி வந்தேன். கொடியில் காய்ந்த உடுப்பை எடுத்து மடித்து, மடித்ததையே மறுபடி உதறி மடித்தேன். முன்வீட்டு அக்கா மதிலுக்கு மேலால், "கன்னியாப் பக்கம் ஏதோ சனம் நடமாடுதாம், விறகுக்குப் போனவை பாதியில திரும்பி வந்திட்டினம்" என்றா. எந்தச் சனம் என்று அவவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த நாட்களில் அப்படிக் கேட்பதில்லை.

கதிரையில் இருக்க முடியவில்லை. செம்மஞ்சளை எங்கேயாவது ஒளித்துவைத்துவிட்டுப் போயிருப்பாரோ என்று அலுமாரி, பரண், அரிசிப் பானை, சைக்கிள் நிறுத்துகிற தாழ்வாரம் எல்லாம் தேடினேன். இல்லை. கொண்டுபோயிருக்கிறார். ஆனால் போட்டிருப்பாரா? கொண்டுபோனது என் வாயை அடைக்கத்தான் என்று எனக்குத் தெரியும். பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்தேன். பிறகு அவரைத் திட்டினேன். பிறகு திட்டினதற்காக இன்னொரு தேங்காய் நேர்ந்தேன்.

வெயில் சாயத் தொடங்கியபோது ஒழுங்கை முனையில் செம்மஞ்சள் தெரிந்தது. அவ்வளவு தூரத்திலேயே தெரிந்தது. சைக்கிளை உருட்டிக்கொண்டு, சாரத்தோடு, வெறும் மேலில் அந்த மேலங்கியை மட்டும் போட்டுக்கொண்டு வந்தார். சென்றிக்காரன் துறைமுகத்து ஆள் என்று நினைத்துக் கையைக் காட்டி விட்டுவிட்டான். உள்ளே வந்து குசினி நிலத்தில் இருந்துகொண்டு தண்ணீர் கேட்டார். நான் செம்பைப் பிடித்துப் பருக்கினேன்.

"நான் உந்த அங்கியைப் போடேல்லை" என்றார். "பைக்குள்ளதான் வைச்சிருந்தனான்."

காட்டுக்குள் ஒரு சின்ன நீர்க்குட்டையடியில், தம்பியின் கோட்டோடு பற்றைக்குள் குந்தியிருந்திருக்கிறார். நேரம் போய், ஒரு சேவல் தண்ணீர் குடிக்க வந்தது. ரப்பரை இழுத்துப் பிடித்திருக்கிறார். அப்போது எதிர்ப்பற்றை இருமியது.

"விடியத் தொடக்கம் நான் பார்த்துக்கொண்டிருந்த பற்றை. அதுக்குள்ள மனுசன்."

சேவல் பறந்துவிட்டது. பார்த்தால் அந்தப் பற்றையில் ஒரு சப்பாத்து, பக்கத்துப் பற்றையில் ஒரு குழல், இவரைப் பார்த்தபடி. எல்லாரும் இலை உடுத்தி இருந்தார்கள். இவரும் இலை உடுத்தி இருந்தார். ஓடினால் முடிந்தது. அசையாமல் இருந்தாலும் முடிந்தது. பைக்குள் கையை விட்டுச் செம்மஞ்சளை இழுத்தெடுத்து, கழுத்தில் மாட்டிக்கொண்டு, இரண்டு கையையும் தூக்கி எழும்பி நின்றிருக்கிறார். தமிழில் ஒருதரம், சிங்களத்தில் ஒருதரம், மனுசன், மனுசன் என்று கத்தியிருக்கிறார்.

"பிறகு?"

"எழும்பி வந்தாங்கள். கெற்றப்போலைப் பார்த்துச் சிரிச்சாங்கள். ஒருத்தன் சொன்னான், இலை அசைஞ்சதைப் பார்த்துக் குறிவைச்சிருந்தவனாம். எழும்பியிராட்டில்..." மறுபடி தண்ணீர் கேட்டார். "கோட்டைத் தடவிப் பார்த்திட்டுக் கழட்டச் சொன்னாங்கள். குடுத்திட்டு வந்தனான்."

"ஆர் அவங்கள்?"

"கேக்காதையும்" என்றார். இன்றுவரை சொல்லவில்லை.

நான் அழுதேன். அழுதுகொண்டே அவர் முதுகில் இரண்டு அடியும் போட்டேன். அவர் வாங்கிக்கொண்டு, கத்தரிக்கோலைத் தாரும் என்றார். அலுமாரியிலிருந்து ஆமிக் கோட்டைத் தானே எடுத்துவந்து, துண்டு துண்டாக வெட்டி, வாழையடியில் குழி தோண்டிப் புதைத்தார். கெற்றப்போலும் அதே குழிக்குள் போனது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. செம்மஞ்சளைச் சவர்க்காரம் போட்டுத் தோய்த்து, ஒழுங்கைப் பக்கமாக, கொடியின் நடுவில் காயப்போட்டேன். சென்றியில் நின்றவன் பார்த்துவிட்டு மறுபக்கம் திரும்பினான். அப்போது தொலைபேசி அடித்தது. தம்பி.

"அக்கா, எப்பிடி என்ர கோட்டு? ஆமிக் கோட்டை விட நல்லமே?"

யன்னலால் பார்த்தேன். கொடியடியில் அவர் கதிரையைப் போட்டு, வேலை ஒன்றும் இல்லாதவர் போல் இருந்தார்.

"அத்தான் வந்திட்டார் தம்பி" என்றேன்.

"நான் கோட்டைக் கேட்டனான் அக்கா."

"ஓம்" என்றேன். "வந்திட்டார்."