என் வீட்டுக்காரரின் இடது கால்

என் வீட்டுக்காரர் கஸ்பார் ஆண்டவரிடம் போய் இந்த ஐப்பசியோடு இரண்டு வருஷம் முடிகிறது. கல்யாணமான புதிதில், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ராயபுரத்திலிருந்து காசிமேடு வரை என்னை நடத்தியே கூட்டிப் போவார். அவர் நடக்கிற வேகத்துக்கு நான் ஓடத்தான் வேண்டும். திரும்பிப் பார்த்து, "இன்னாமே, பஸ்ஸு வெச்சுத் தரட்டா?" என்று கேலி செய்வார். அந்த நடையை இப்போது நினைத்தாலும் மனசு நிறைந்துவிடுகிறது.

திருவொற்றியூர் பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டில் அவருக்கு வேலை. பக்கத்து வீட்டு மஜீது அங்கேயே ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். ஒரே டிபன் கேரியரைப் பிரித்துச் சாப்பிடுகிற சிநேகம். ஒரு மழை நாளில், மஜீது இறக்கிய இரும்புப் பெட்டி வழுக்கி என் வீட்டுக்காரரின் இடது காலில் விழுந்தது. வண்டியை விட்டுக் குதித்து, அவரைப் பூட்ஸோடு தோளில் தூக்கிக்கொண்டு ஓடியதும் மஜீதுதான்.

ஆஸ்பத்திரியில் நான்கு விரல்களை எடுத்துவிட்டார்கள். மஜீது தினமும் வந்தார். கட்டுப் போட்ட காலைத்தான் பார்த்தார். எவ்வளவு போயிற்று என்று அவர் கேட்டதில்லை, இவரும் சொன்னதில்லை. என்னையும் சொல்ல விடவில்லை.

கட்டுப் பிரித்த அன்றைக்கே கறுப்பு சாக்ஸ் மாட்டி ஷூவும் போட்டுக்கொண்டார். சித்திரை வெயிலிலும் கழற்றவில்லை. தூங்கும்போதும் சாக்ஸ்தான். எங்கள் கோயிலில் வாசலிலேயே செருப்பைக் கழற்ற வேண்டும். ஷூ இல்லாவிட்டால் சாக்ஸின் வெறும் நுனியே காட்டிக்கொடுத்துவிடும் என்று உள்ளே வருவதையே விட்டுவிட்டார். வெளியே மாதா சிலை வைத்த கெபிக்குப் பக்கத்தில் நின்று, ஜன்னல் வழியாகப் பூசை கேட்பார். நற்கருணை அப்பம் வாங்க வரிசையில் போகும்போது நான் அந்த ஜன்னலைத் திரும்பிப் பார்ப்பேன். ஏழு வருஷம் அப்படியே போனது. "ஆண்டவரே, விரலை நான் திருப்பிக் கேட்கவில்லை. அவரை உள்ளே கூப்பிடும்" என்பதுதான் என் ஜெபம்.

இயேசு சீடர்களுக்குச் செய்ததை நினைத்து, ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழன் அன்று பங்குச் சாமியார் பன்னிரண்டு பேரின் காலைக் கழுவி முத்தமிடுவார். எங்கள் நாலு தெருக் குடும்பங்கள் சேர்ந்து ஜெபிக்கிற குழுவுக்கு அன்பியம் என்று பெயர். அந்த வருஷம் அன்பியத்தில் சீட்டுக் குலுக்கியதில் இவர் பெயர் வந்தது. தலைவி ஷிஜி வீட்டுக்கே வந்து சொன்னாள்.

"வேற ஆளப் பாரும்மா" என்றார்.

"சீட்டுல வந்துச்சுண்ணா. நானா எடுத்து வெச்சேன்?"

"என் கால்ல இன்னா கீதுன்னு கழுவப் போறாங்க?"

ஷிஜி முகம் வாடித் திரும்பியபோது மஜீது வாசலில் நின்றிருந்தார். எல்லாம் காதில் விழுந்திருக்கிறது.

"நாங்க தெனம் அஞ்சு வாட்டி காலக் கழுவறோம் நைனா. ஒருத்தனும் வந்து தண்ணி ஊத்தறதில்ல. உனுக்கு சாமியாரே குனியறேன்றாரு. இன்னாத்துக்கு இவ்ளோ கிராக்கி பண்ணிக்கிற?"

"சும்மா கெட மாமு. எல்லாம் பாப்பாங்க. நீயும் பாப்ப."

"நான் பாத்தா இன்னா?"

இவர் இடது காலைப் பின்னால் இழுத்துக்கொண்டார். எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஊருக்குப் பயந்து போட்ட சாக்ஸ் இல்லை அது. ஊரில் யார் பார்த்தாலும் மஜீது காதுக்குப் போய்விடும், அவர் தன் கையால் நடந்ததை தினமும் நினைத்து வேகக் கூடாது என்று மூடி வைத்திருக்கிறார்.

மஜீதுக்கும் விளங்கிவிட்டது. அப்படியே படியில் உட்கார்ந்தார்.

"ஏழு வருசமா அந்த சாக்ஸத்தான் பாத்துகினு கீறேன். உள்ள இன்னா மிச்சம் கீதுன்னு தெரியாம, தெனம் ஒண்ணொண்ணா நெனச்சுகினு கீறேன். கழட்டு நைனா. பாத்துட்டாவது அழுவறேன்."

அன்று கழற்றவில்லை. வியாழக்கிழமை சாயங்காலம் என்னோடு கிளம்பினார். கோயில் வாசலில் ரொம்ப நேரம் நின்றார். பிறகு ஷூவை மட்டும் கழற்றிவிட்டு, சாக்ஸோடு உள்ளே வந்தார்.

எல்லோரும் வலது காலைத்தான் நீட்டுவார்கள், அதுதான் வழக்கம். வீட்டிலேயே சோப்புப் போட்டுத் தேய்த்து, பவுடரும் பூசி வந்திருந்தார்கள். சாமியார் கழுவுவதற்கு அழுக்கே இல்லை. இவர் ஒன்பதாவது நாற்காலி. இவரும் வலது காலை நீட்டிவிட்டு வந்திருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். மஜீது வெறுங்காலோடு கதவோரம் வந்து நின்றார். இவர் அவரைப் பார்த்தார். குனிந்து, இடது சாக்ஸை உருவினார்.

வெயிலே படாமல் வெளுத்த கால். பெருவிரல் ஒன்றுதான். சாமியார் ஒரு நொடி தயங்கினார். பிறகு இரண்டு கையாலும் அதைத் தாங்கி, தண்ணீர் ஊற்றித் துடைத்து, தையல் தழும்பின் மேலேயே முத்தமிட்டார். ஆண்டவர் தம் காயங்களோடுதான் உயிர்த்தெழுந்தார் என்று பிரசங்கத்தில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் அது எனக்குச் சந்தோஷமான சேதியாகப் பட்டது.

நற்கருணைக்கு இவர் எனக்கு முன்னால் வரிசையில் நின்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்ப வேண்டியிருக்கவில்லை.

பூசை முடிந்து வெளியே வந்ததும் மஜீது தரையில் குந்தி, அந்தக் காலைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண்ணீர் தாடியில் இறங்கியது.

"இவ்ளோதானா?" என்றார். "இதுக்கா நைனா என்னிய ஏழு வருசம் பேஜாரு பண்ண?"

"நீ இன்னா நெனச்ச?"

"ஷூவுக்குள்ள கட்டக்கால் வெச்சுகினு கீறன்னு நெனச்சேன்."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஆண்டவர் பாடுபட்ட வாரத்தில் இப்படிச் சிரிக்கலாமா என்று ஷிஜி உதட்டில் விரலை வைத்துக்கொண்டு ஓடி வந்தாள். எனக்கும் அடக்க முடியவில்லை.